ஏட்டுக் கணக்கும் நாட்டு நடப்பும்

பட்டம் பெற்ற மகனையோ மகளையோ வேலைக்கு அனுப்ப முயலும் பெற்றோரின் மனக்குறை நாம் அறியாததன்று. "மூன்று ஆண்டுகள் பொருளியல் படித்தாள்; நேர்முகத் தேர்வில் கேட்டவற்றுள் ஒன்றுகூடப் பாடப்புத்தகத்தில் இல்லையாம்" என்று தந்தை வருந்துகிறார். "வளைகோடுகள் வரையத் தெரிகிறது, ஒரு கிளை அலுவலகத்தின் வரவு செலவைப் பார்த்து நாலு வரி எழுதத் தெரியவில்லை" என்று வேலை தருபவர் குறைப்படுகிறார். பேராசிரியரோ, "பல்கலைக்கழகம் அறிவை வளர்க்கும் இடம், அது தொழிற்பயிற்சிக் கூடம் அன்று" என்கிறார். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. மூவருக்கும் இடையே நின்று தவிப்பவர் அந்த இளைஞரே.

இந்த வழக்கு நம் காலத்தில் முளைத்தது என்று பலரும் எண்ணுகிறோம். ஆனால் ஆங்கில நாட்டில் பொருளியல் ஒரு கல்லூரிப் பாடமாக உருவெடுத்த நாளிலேயே இதுவும் உடன் பிறந்துவிட்டது. இரு நூற்றாண்டுகளாக நடந்துவரும் இவ்வழக்கின் சில கட்டங்களை இங்கே நினைவுகூர்வது, இன்று நாம் கேட்கும் கேள்வியைச் சற்றுத் தெளிவாகக் கேட்க உதவும்.

வணிகர் நடத்திய கல்லூரி

இங்கிலாந்தில் அரசியற் பொருளாதாரத்தைக் கற்பிப்பதற்கென நியமனம் பெற்ற முதல் பேராசிரியர் தாமஸ் ராபர்ட் மால்தஸ் ஆவார். மக்கள்தொகை பற்றிய கட்டுரையால் புகழ்பெற்ற அவர் ஆங்கிலிக்கன் சபையின் குரு. 1805ஆம் ஆண்டில் அவரைப் பணிக்கு அமர்த்தியது ஆக்ஸ்போர்டும் அன்று, கேம்பிரிட்ஜும் அன்று, கிழக்கிந்தியக் கம்பெனி. இந்தியாவை ஆளச் செல்லும் தன் இளம் அலுவலர்களைப் பயிற்றுவிக்க அக்கம்பெனி 1806இல் ஹெர்ட்போர்டு நகரில் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. மூன்றாண்டுகளுக்குப் பின் அது ஹெய்லிபரி என்னும் இடத்தில் எழுப்பப்பட்ட புதிய கட்டடத்திற்கு மாறியது. 1834இல் இறக்கும்வரை மால்தஸ் அங்கேயே கற்பித்தார்.

வேலை தருபவரின் தேவையும் கல்வியும் இதைவிட நெருங்கிப் பொருந்திய கல்லூரி வேறு இருக்க முடியாது. கல்லூரியை நடத்துபவரும், ஊதியம் தருபவரும், மாணவர்களைத் தெரிந்தெடுப்பவரும், படிப்பு முடிந்ததும் பணியில் அமர்த்துபவரும் ஒருவரே. கீழை மொழிகள், சட்டம், கணிதம், வரலாறு ஆகியவற்றோடு பொருளியலும் அங்கே பாடமாயிற்று. ஆடம் ஸ்மித்தின் நூலை வைத்துக்கொண்டு மால்தஸ் பதினாறு, பதினேழு வயது இளைஞர்களுக்குப் பாடம் சொன்னார். நிலத்தின் வாரம் பற்றி அவர் 1815இல் வெளியிட்ட சிறுநூல், இந்த வகுப்பறைப் பணியை ஒட்டித் திரட்டிய குறிப்புகளிலிருந்தே உருவாயிற்று. கம்பெனியின் முதன்மையான வருவாய் நிலவரி. ஆகவே வாரம் என்றால் என்ன, அது எவ்வாறு தோன்றுகிறது என்னும் பாடத்தைவிடப் பயனுள்ள பாடம் அம்மாணவர்களுக்கு வேறு இல்லை என்றே தோன்றியிருக்கும்.

பூனாவில் நடந்தது

அந்தப் பாடம் களத்தில் என்னவாயிற்று? மால்தஸிடம் பாடம் கேட்டவர்களுள் ஒருவர் ராபர்ட் கீத் பிரிங்கில். பம்பாய் மாகாணப் பணிக்கு வந்த அவரிடம் 1820களின் இறுதியில் பூனாப் பகுதியின் நிலங்களை அளந்து வரி விதிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. வாரக் கோட்பாட்டைக் கசடறக் கற்றிருந்த பிரிங்கில் அதை அப்படியே வயலில் இறக்கினார். ஒவ்வொரு வகை மண்ணிலும் என்ன விளையும் எனக் கணக்கிடுவது. அதிலிருந்து விதை, மாடு, கூலி முதலிய சாகுபடிச் செலவைக் கழிப்பது. எஞ்சுவது நிகர விளைவு. அதில் நூற்றுக்கு 55 பங்கு அரசுக்கு. கோட்பாட்டின்படி இந்த வரி உழவனின் கூலியையோ முதலையோ தொடாது. ஏட்டில் பிழை காண்பது அரிது.

வயலிலோ கணக்கு பிழைத்தது. ஆயிரக்கணக்கான வயல்களின் விளைவையும் செலவையும் சரியாக அறியும் வழி எவரிடமும் இல்லை. அளவீடுகள் தவறாயின. கீழ்நிலை அலுவலர்கள் சிலர் கைக்கூலி பெற்று மண்ணின் தரத்தை மாற்றி எழுதினர். அதே ஆண்டுகளில் தானிய விலையும் சரிந்தது. பணமாகக் கட்டவேண்டிய வரி சரியவில்லை. வரி தண்டும்போது கொடுமைகள் நிகழ்ந்ததைப் பிற்கால அரசு அறிக்கைகளே ஒப்புக்கொண்டன. உழவர் பலர் நிலத்தைத் தரிசாக விட்டு, அண்டைச் சமஸ்தானங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இறுதியில் அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது. 1835 முதல் கோல்ட்ஸ்மிட், விங்கேட் என்னும் இருவர் இந்தாபூர் வட்டத்தில் தொடங்கி வேறொரு முறையை வகுத்தனர். நிகர விளைவைத் துல்லியமாகக் காணும் முயற்சியை அவர்கள் விட்டுவிட்டனர். மண்ணின் தரத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முன்னாளில் மெய்யாகவே வசூலான தொகைகளையும் பார்த்து, தாங்கக்கூடிய விகிதத்தை முப்பது ஆண்டுகளுக்கு நிலைப்படுத்தினர்.

பிரிங்கில் சோம்பேறியும் அல்லர், தீயவரும் அல்லர். தம் கல்லூரி தந்த திறமையைத் தம்மைப் பணியில் அமர்த்தியவரின் தேவைக்கு முழுமையாகப் பயன்படுத்தியவர். கல்வியும் வேலையும் பொருந்தியிருந்தன, பொருந்தாமற்போனது வயல். அதன் விலையைக் கம்பெனியும் செலுத்தவில்லை, கல்லூரியும் செலுத்தவில்லை. ஊரைவிட்டுப் போன குடியானவன் செலுத்தினான்.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி சென்னையில் இருந்தது. சென்னையின் ஆட்சியராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் ஹெய்லிபரி தொடங்குமுன்பே இந்தியா வந்தவர். இங்கிலாந்திலிருந்து வரும் இளம் அலுவலர்கள் இந்நாட்டு மொழிகளைக் கற்றே ஆகவேண்டும் என்று வற்புறுத்திய அவருடைய முயற்சியால் 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. நம் வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய செந்தமிழ் இலக்கணம் 1822இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது அக்கல்லூரியின் அச்சகத்திலிருந்துதான் என்பதை நம் வாசகர்கள் மகிழ்ச்சியோடு நினைவுகொள்ளலாம். தொண்டைமண்டலத்து மிராசு உரிமை பற்றி எல்லிஸ் எழுதியபோது, எந்தக் கோட்பாட்டு நூலிலிருந்தும் தொடங்கவில்லை. செப்பேடுகளையும் ஊர் ஆவணங்களையும் மக்களின் வழக்குச் சொற்களையும் கொண்டு எழுதினார். அவரும் கம்பெனியின் அலுவலரே. அவருக்கும் வரி வேண்டும். ஆயினும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கேம்பிரிட்ஜும் பர்மிங்காமும்

அரசுப் பணிக்குப் போட்டித் தேர்வு வந்த பின்னர், 1858இல் கம்பெனியின் ஹெய்லிபரிக் கல்லூரி மூடப்பட்டது. அரை நூற்றாண்டு கழிந்து அதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. ஜெர்மனியும் அமெரிக்காவும் தொழிலில் முந்திக்கொண்டிருந்த காலம் அது. பிரிட்டனின் தொழிலதிபர்கள் தம் பிள்ளைகளுக்கு எத்தகைய கல்வி வேண்டும் எனக் கேட்கத் தொடங்கினர். இருவர் இரு விடைகள் தந்தனர்.

கேம்பிரிட்ஜில் ஆல்பிரட் மார்ஷல் பல்லாண்டு போராடி, 1903இல் பொருளியலுக்கெனத் தனிப் பட்டத் தேர்வை நிறுவினார். அதுவரை அங்கே பொருளியல், வரலாற்றுக்கும் ஒழுக்கவியலுக்கும் துணைப்பாடமாகவே இருந்தது. தொழில்துறைக்குச் செல்லும் இளைஞர்களும் தம் வகுப்புக்கு வரவேண்டும் என்று மார்ஷல் விரும்பினார். ஆனால் ஒரு குறிப்பிட்ட தொழிலின் நுணுக்கங்களைப் பல்கலைக்கழகம் கற்பிக்கவேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. அவற்றைத் தொழிலகத்திலேயே கற்கலாம். பல்கலைக்கழகம் தரவேண்டியது சிக்கலான காரணங்களைப் பிரித்து ஆராயும் பயிற்சியும், பிறர் நலனை எண்ணிப் பார்க்கும் பரிவும் என்றார்.

பர்மிங்காமில் வில்லியம் ஆஷ்லி வேறு வழி கண்டார். அமெரிக்காவின் ஹார்வர்டில் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியராக இருந்த அவர் புதிய பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1902இல் வணிகவியல் புலத்தைத் தொடங்கினார். கணக்கியல், அயல்மொழிகள், தொழில்களின் அமைப்பு, வணிக முறைகள் ஆகியவை அங்கே பாடமாயின. கணக்கியலுக்கெனவே ஒரு பேராசிரியர் பதவியும் ஏற்படுத்தப்பட்டது. தொழில் உலகின் படைத்தலைவர்களை உருவாக்குவதே அவருடைய குறிக்கோள். பி.ஏ. பொருளியல், பி.காம். என்று நம் கல்லூரிகள் இன்றும் இரு வகுப்புகள் நடத்துவதில் இவ்விரு பாதைகளின் சாயலைக் காணலாம்.

இருவரையும் எதிரிகளாக்கிப் பேசுவது எளிது. ஆனால் ஓர் உண்மையை மறந்துவிடுகிறோம். ஆய்வு முறையை முன்னிறுத்திய மார்ஷல், தொழிற்சாலைகளை நேரில் சென்று பார்ப்பதைத் தம் வாழ்நாள் முழுதும் வழக்கமாகக் கொண்டவர். கணிதத்தில் தேர்ந்தவராக இருந்தும் அதைத் தம் நூலின் அடிக்குறிப்புகளிலும் பின்னிணைப்பிலும் ஒதுக்கி வைத்தவர். தொழிலை முன்னிறுத்திய ஆஷ்லியோ அடிப்படையில் வரலாற்றாசிரியர். இருவரும் தம் மாணவர் நாட்டு நடப்பை அறியவேண்டும் என்பதில் ஒன்றுபட்டே நின்றனர். பிற்காலத்தார் மார்ஷலின் வளைகோடுகளை எடுத்துக்கொண்டு, அவருடைய தொழிற்சாலைப் பயணங்களை விட்டுவிட்டனர்.

சென்னையிலிருந்து சிற்றூர்களுக்கு

இக்கதையில் நம் மண்ணுக்கும் ஒரு மதிப்பான இடம் உண்டு. ஆக்ஸ்போர்டில் தொழிலாளருக்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராயிருந்த கில்பர்ட் சிலேட்டர், 1915ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அக்கால மாணவர்கள் படித்த நூல்கள் இங்கிலாந்தின் சந்தையையும் தொழிற்சாலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டவை. மாணவர்களோ ஊர்ப்புறங்களிலிருந்து வந்தவர்கள். தேர்வில் விடை எழுதுவார்கள். தம் தந்தையின் நிலத்தில் ஒரு காணிக்கு என்ன செலவு, ஊரில் எத்தனை பேர் கடன்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் அவர்களுடைய பாடம் துணைக்கு வராது.

சிலேட்டர் ஒரு கேள்விப்பட்டியலைத் தயாரித்து மாணவர்களின் கையில் கொடுத்தார். தமக்குத் தெரிந்த ஊர்களுக்குச் சென்று, நிலம், பயிர், கூலி, கடன், வீடு, உணவு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டு எழுதி வருமாறு பணித்தார். அவ்வாறு திரட்டியவை 1918இல் தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தன. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டு, நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான், இராமநாதபுரம் மாவட்டத்தில் அன்று அடங்கியிருந்த வடமலாபுரம் முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன.

சிலேட்டர் நாடு திரும்பிய பின்னும் அப்பணி நின்றுவிடவில்லை. கேரளத்துக் குறவிலங்காட்டைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெருந்தகை பி. ஜே. தாமஸ் சென்னையில் பொருளியல் பேராசிரியராக இருந்தபோது, கே. சி. இராமகிருஷ்ணனுடன் சேர்ந்து அதே ஊர்களை மறுபடியும் ஆராய்ந்து 1940இல் நூலாக்கினார். ஆக்ஸ்போர்டில் பயின்று, பழைய கிழக்கிந்திய வணிகம் பற்றி ஆராய்ந்து எழுதிய தாமஸ், பின்னர் இந்திய அரசின் பொருளாதார ஆலோசகராகவும் பணியாற்றினார். இருவேல்பட்டுக்கு 1981இலும் 2008இலும் ஆய்வாளர்கள் மீண்டும் சென்றனர். ஒரே சிற்றூரின் வாழ்வை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தொடர்ந்து காட்டும் இத்தகைய பதிவுகள் உலகிலேயே மிகச் சில. அதன் முதல் வித்து, விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவரின் கைக்குறிப்பு.

இம்மாணவர்கள் எந்த வேலை தருபவருக்காகவும் இதைச் செய்யவில்லை. எனினும் இன்று நிறுவனங்கள் கேட்கும் திறமைகள் எல்லாம் இப்பயிற்சியில் அடங்கியிருப்பதைக் காணலாம். அறியாதவரிடம் பணிவோடு கேட்பது, சொன்னதைச் சரிபார்ப்பது, எண்களை ஒழுங்குபடுத்துவது, கண்டதைத் தெளிவாக எழுதுவது ஆகிய நான்கையும் அவர்கள் ஊர்த் தெருவில் கற்றார்கள்.

அரசியார் கேட்ட கேள்வி

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பொருளியல் மென்மேலும் கணிதமயமாயிற்று. அதில் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் பொருளாதார வரலாறும் பொருளியல் சிந்தனையின் வரலாறும் விருப்பப்பாடங்களாகச் சுருங்கின, அல்லது மறைந்தே போயின. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கணிதத்தில் வல்ல பட்டதாரிகளை நல்ல ஊதியம் கொடுத்து அழைத்துக்கொண்டன. கல்வியும் வேலைச் சந்தையும் மீண்டும் ஒருமுறை நன்றாகப் பொருந்தியிருந்தன எனலாம்.

2008இல் உலக நிதி அமைப்பு நிலைகுலைந்தது. அவ்வாண்டு நவம்பரில் இலண்டன் பொருளியல் பள்ளியில் ஒரு கட்டடத்தைத் திறந்துவைக்கச் சென்ற இரண்டாம் எலிசபெத் அரசியார், இவ்வளவு பெரிய ஆபத்தை முன்னதாக எவரும் காணாமற்போனது எப்படி என்று வினவினார். எளிய வினா; கற்றவர்களை அது உறுத்தியது. மறு ஆண்டு பிரிட்டிஷ் அகாதமியின் சார்பில் அறிஞர்கள் அரசியாருக்கு விடை எழுதினர். அறிவாளர் பலர் சேர்ந்திருந்தும் முழு அமைப்பின் ஆபத்தை எண்ணிப் பார்க்கத் தவறினர் என்பது அவ்விடையின் சாரம். அது போதாதென்று பொருளியலாளர் பத்துப் பேர் தனியே ஒரு மடல் எழுதி, பொருளியலாளரின் பயிற்சியே குறுகிப்போனதைக் குறிப்பிட்டனர்.

2012 பிப்ரவரியில் இங்கிலாந்து வங்கியில் ஒரு மாநாடு கூடியது. பொருளியல் அறிஞர் டயான் கோய்ல் முன்னின்று நடத்திய அதில் பேராசிரியர்களும், அரசுத் துறைகளையும் தனியார் நிறுவனங்களையும் சேர்ந்த வேலை தருவோரும் கலந்துகொண்டனர். புதிய பட்டதாரிகளிடம் என்ன குறை காண்கிறீர்கள் என்ற கேள்விக்கு வந்த விடைகள் பலருக்கும் வியப்பளித்திருக்கும். இன்னும் கடினமான கணிதம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. பொருளாதார வரலாறு தெரியவேண்டும். வங்கிகளும் அரசு அமைப்புகளும் நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றன என்று தெரியவேண்டும். ஒழுங்கற்ற உண்மைத் தரவுகளைக் கையாளத் தெரியவேண்டும். ஒரு கோட்பாட்டின் எல்லை எதுவெனத் தெரியவேண்டும். பொருளியல் படியாதவருக்கும் விளங்கும்படி பேசவும் எழுதவும் வேண்டும். இவையே அவர்கள் கேட்டவை. சுருங்கச் சொன்னால், 1916இல் சென்னை மாணவர்கள் ஊர்த் தெருவில் கற்றதையே 2012இல் இலண்டனின் நிதி உலகம் கேட்டது.

மாணவர்களும் வாளாவிருக்கவில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழக மாணவர் சிலர் நெருக்கடிக்குப் பிந்திய பொருளியலுக்கெனச் சங்கம் அமைத்தனர். தம்மைச் சுற்றி நிகழ்ந்த பேரிடர் தம் பாடத்தில் இடம்பெறவே இல்லையே என்பது அவர்களுடைய முறையீடு. 2014இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கைக்கு இங்கிலாந்து வங்கியின் உயர் அலுவலர் ஆண்ட்ரூ ஹால்டேன் முன்னுரை வழங்கினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் வெண்டி கார்லின் தலைமையில் பல நாட்டு ஆசிரியர்கள் கூடி, வரலாற்றிலும் ஏற்றத்தாழ்விலும் தொடங்கிப் பொருளியலைக் கற்பிக்கும் புதிய பாடநூலை உருவாக்கினர். எவரும் விலையின்றிப் படிக்கத்தக்க அந்நூல் 2017இல் முழுமை பெற்றது. மாற்றம் முற்றும் நிறைவேறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் கதவு திறந்திருக்கிறது.

நாம் எண்ணிப் பார்க்க

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வேலை தருபவரின் குரலைப் பல்கலைக்கழகம் புறக்கணிக்கலாகாது. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் குடும்பத்தின் முன் நின்று, 'அறிவு அறிவுக்காகவே' என்று சொல்லிவிடும் உரிமை எவருக்கும் இல்லை. 2012இல் வேலை தருவோர் சொன்னது பேராசிரியர் பலர் சொல்லத் தயங்கிய உண்மை.

ஆனால் வேலை தருபவர் கேட்பதே கல்வியின் முடிந்த அளவுகோல் என்பதற்கும் வரலாறு இடங்கொடுக்கவில்லை. கம்பெனி கேட்டது வரி விதிக்கும் திறமை. கல்லூரி அதைத் தந்தது. பூனாவின் உழவர் நிலத்தை விட்டு ஓடினர். 2008க்கு முன் வங்கிகள் கேட்டது ஒன்று. அதற்குப் பின் கேட்டது வேறொன்று. இன்றைய தேவைக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை நாளைக்குச் சிறியதாகிவிடும். இருபது வயதில் கற்கும் மாணவர் அறுபது வயதுவரை உழைக்கப் போகிறவர்.

இன்னும் ஆழ்ந்து நோக்கினால், இந்தப் பேச்சில் நாம் எப்போதும் இருவரை மட்டுமே அழைத்து உட்காரவைக்கிறோம்: கற்பிப்பவர், வேலை தருபவர். மூன்றாமவர் ஒருவர் வெளியே நிற்கிறார். பொருளியல் கற்றவர் இடும் கையெழுத்தால் கடன் பெறுபவர் அல்லது மறுக்கப்படுபவர், வரி கட்டுபவர், வேலை இழப்பவர் அவரே. கற்ற திறமை நல்லதா என்பதை இறுதியில் அறிந்து சொல்லத்தக்கவர் அவர். எல்லிஸும் சிலேட்டரும் தாமஸும் அவரிடம் சென்று கேட்டார்கள். பிரிங்கில் அவரைக் கணக்கிட்டார், கேட்கவில்லை.

ஆகவே பொருளியல் படிக்கும் மகளிடம் "இதற்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பதில் தவறில்லை, கேட்கத்தான் வேண்டும். அதனோடு இன்னொன்றையும் கேட்போம். இந்த விடுமுறையில் நம் தெருவில் பத்து வீடுகளுக்குச் சென்று, அவர்கள் எதை வாங்குகிறார்கள், யாரிடம் கடன்பட்டிருக்கிறார்கள், பிள்ளையின் படிப்புக்கு எதை அடகு வைத்தார்கள் என்று கேட்டு, இரண்டு பக்கம் எழுதித் தர அவளால் இயலுமா? இயலுமானால் அவள் நேர்முகத் தேர்வுக்கும் அஞ்சவேண்டியதில்லை. நாளை அவள் கையெழுத்திடும் தாளின் மறுமுனையில் இருப்பவரும் அவளைக் கண்டு அஞ்சவேண்டியதிராது.